ராகமையில இருந்து வீட்டுக்கு வந்த பிறகு யார் பாக்கிறது?

கேள்வி: டொக்டர், நாங்க கொட்டியாரக்குடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், திருகோணமலை டவுனுக்கு வாறதெண்டா கிண்ணியாப் பாலத்தால சுத்தித்தான் வரவேணும். என்ட கணவருக்கு 36 வயசு. ரெண்டு வருசத்துக்கு முந்தி தென்னையில இருந்து விழுந்து முள்ளந்தண்டு உடைஞ்சது. ஒப்பரேஷன் செய்து ராகமை புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில நாலு மாசம் வச்சிருந்து வீட்ட அனுப்பினாங்க. நெஞ்சுக்குக் கீழ ஒண்டும் தெரியாது, கார்ட்டில டி-4 எண்டு போட்டிருக்கு. யூரின் போறதுக்குக் கதீற்றர் குழாய் போட்டபடிதான். இந்த வருசம் மட்டும் மூண்டு தரம் யூரின் கலங்கிப்போச்சு எண்டு பக்கத்து ஆஸ்பத்திரியில அன்ரிபயோட்டிக் தந்தாங்க. பின்பக்கத்தில அஞ்சு ரூபாய்க் குத்தி அளவு புண், மூண்டு மாசமா ஆறுதில்ல. போன மாசம் ஒருநாள் சாமத்தில தலை இடிக்குது எண்டு கத்தினார், முகமெல்லாம் சிவந்து வேர்த்து ஒழுகிச்சுது, ஓட்டோவில தூக்கிக்கொண்டு போனம், பிரஷர் 150 தான் பயப்பட வேணாம் எண்டு பனடோல் தந்து அனுப்பினாங்க. வீட்ட வந்து பாத்தா கதீற்றர் குழாய் தொடைக்குக் கீழ மடிஞ்சு கிடந்தது, அதை எடுத்துவிட்ட உடன சரியாப்போச்சு. ஒவ்வொண்டுக்கும் ராகமைக்கு வேன் பிடிச்சுக்கொண்டு போக எங்களிட்ட வசதியில்ல. இஞ்சயே பாக்க ஒரு வழியும் இல்லையா? இன்னொண்டு கேக்க வெக்கமா இருக்கு, இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்படலாமா? மகள் நேசரிக்குப் போறா, ஒருநாளாவது தான் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டு இவர் சொல்லுறார். ஏலுமா?

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தில கடைசியா இருந்த கேள்விக்குக் கடைசியாவே வாறன், ஆனா அந்தச் சாமத்துத் தலையிடியைப் பற்றித்தான் முதல்ல எழுதவேணும், ஏனெண்டா நீங்க எழுதினதுக்குள்ள அவர்ட உயிரை எடுக்கக்கூடியது அதுதான், அதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரல்ல எண்டது எனக்கு உண்மையிலேயே மனசு நோகுது. நீங்க அண்டைக்கு அந்தக் குழாயைப் பாத்து எடுத்துவிட்டீங்களே, நீங்க செய்ததுதான் வைத்தியம். பனடோல் இல்ல.

இது முள்ளந்தண்டில டி-6 அல்லது அதுக்கு மேல அடிபட்ட ஆக்களுக்கு வாற ஒரு விசயம் (டி எண்டது நெஞ்சுப்பக்க முள்ளந்தண்டு, நம்பர் குறையக் குறைய மேல, அதால அவர்ட டி-4உம் இதுக்குள்ள வருது), ஓட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா எண்டு சொல்லுவம், பேர் வாயில வராட்டிப் பறவாயில்ல, ஒரு தாளில எழுதி வச்சாப் போதும். நடக்கிறது என்னெண்டா, கீழ எங்கயோ உடம்புக்கு ஒரு தொந்தரவு வருது, சலப்பை நிரம்பி வெளிய போக வழியில்லாம நிக்கும், இல்லாட்டி மலம் இறுகிப்போய் நிக்கும், இல்லாட்டி ஒரு புண், கால் பெருவிரல் நகம் உள்ளுக்கு வளர்ந்து சீழ் பிடிச்சிருக்கும். எங்களுக்கெண்டா நோகும், எழும்பி ஏதாவது செய்வம். அவருக்கு அந்த நோ மேல வாற வழி அறுந்துபோச்சு. ஆனா கீழ இருக்கிற நரம்புகள் சும்மா இருக்காது, ரத்தக்குழாய் எல்லாத்தையும் இறுக்கிப் பிடிக்கும், பிரஷர் ஏறும். மூளை அதைக் கண்டுபிடிச்சு இறுக்கத்தை விடு எண்டு கட்டளை குடுக்கும், அந்தக் கட்டளை அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழ போகாது. அதாலதான் மேல்பாதி சிவந்து வேர்த்து, தலை வெடிக்கிற மாதிரி இடிக்கிறது, கீழ்ப்பாதி வெளிறிக் குளிர்ந்து மயிர் சிலிர்த்துப்போய்க் கிடக்கிறது. காரணத்தை எடுக்காட்டி வலிப்பு வரலாம், மூளையில ரத்தம் கசியலாம்.

இப்ப அந்த 150க்கு வாறன். உங்கட பக்கத்து ஆஸ்பத்திரியில இருந்தவர் கெட்டவர் இல்ல, அவர் பாத்தது எங்கட உடம்புக்கான கணக்கு. இப்படி மேல அடிபட்ட ஆக்களுக்கு சாதாரண நாளில மேல் பிரஷர் 90க்கும் 110க்கும் இடையிலதான் கூடுதலா இருக்கும். அதில இருந்து 20, 40 ஏறினாலே அவசரம். உங்கட ஆளுக்கு 100 எண்டு வச்சா, அண்டைக்கு 50 ஏறியிருக்கு. பாக்கிறவருக்கு 150 ஒரு சின்ன நம்பர், அவர்ட உடம்புக்கு அது பெரிய நம்பர். இதை நான் இவ்வளவு உறுதியா சொல்லுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. நான் டொக்டரா வந்த முதல் வருசங்களில, வேற ஒரு ஊரில ஒரு சின்ன ஆஸ்பத்திரியில, இதே மாதிரி ஒரு தம்பியை அவர்ட அம்மா கூட்டிக்கொண்டு வந்தா. எனக்கும் 150, 90 எண்டுதான் மெஷின் காட்டிச்சுது. நான் படுக்க வச்சு ஓய்வெடுக்கச் சொன்னன். அவரைப் படுக்க வச்சது நான், அதால பிரஷர் இன்னும் ஏறிச்சுது, வலிப்பு வந்துது. வார்ட்டில வேலை செய்த ஒரு வயசான அற்றெண்டன் அய்யாதான் யூரின் பேக் காலியா இருக்கு டொக்டர் எண்டு சொன்னார். அந்தத் தம்பி தப்பிட்டார். ஆனா படிக்கிற காலத்தில ஒரு பக்கத்தில வாசிச்சுத் தாண்டிப்போன விசயம் ஒரு அம்மாட பிள்ளையாக் கட்டிலில கிடந்ததை நான் மறக்கல்ல.

அதால தலையிடி, வேர்வை, முகச்சிவப்பு வந்தா உடன நிமித்தி இருத்துங்க, 90 பாகைக்கு, காலைக் கட்டிலுக்குக் கீழ தொங்கவிடுங்க. மயக்கம் வந்தா படுக்க வைக்கிறதுதான் எங்கட ஊர்ப் பழக்கம், இதுக்கு நேர் எதிரா செய்யவேணும். சாரம், பெல்ட், கால்மேசு, கதீற்றர் பேக் கட்டியிருக்கிற பட்டி எல்லாத்தையும் தளர்த்துங்க. பிறகு பேக்கில இருந்து தொடங்கி மேல குழாயைக் கையால தடவிக்கொண்டே போங்க, மடிஞ்சிருக்கா, பேக் நிரம்பியிருக்கா, அவர்ட உடம்புக்குக் கீழ அம்பிட்டிருக்கா எண்டு. குழாய் நேரா இருந்தும் யூரின் வரல்லையெண்டா கதீற்றர் அடைச்சிட்டுது, உடன மாத்தவேணும், 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சு "முள்ளந்தண்டு அடிபட்டவர், டிஸ்ரிஃப்ளெக்சியா, இருத்தினபடிதான் கொண்டுபோகவேணும்" எண்டு சொல்லுங்க. யூரின் நல்லாப் போகுதெண்டா அடுத்த சந்தேகம் மலம், அதுக்குப் பிறகுதான் தோலும் நகமும். ஆஸ்பத்திரியில ரெண்டில இருந்து அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காப் பிரஷர் பாக்கவேணும், காரணம் எடுத்தும் இறங்காட்டி நிஃபெடிபின் இல்லாட்டி நைட்ரேற் மருந்து குடுக்கிறது டொக்டர்ட வேலை, கதீற்றர் மாத்தவோ மலத்தைப் பாக்கவோ முதல் மரத்துப்போக வைக்கிற லிக்னோகெய்ன் ஜெல் பூசவேணும், இல்லாட்டி அந்தத் தொடுகையே இன்னும் பிரஷரை ஏத்தும். சலப்பையைக் கையால அமத்த விடாதீங்க.

இதைப் படிச்சிட்டு இவ்வளவையும் அந்த நேரத்தில நான் எப்பிடி ஆஸ்பத்திரியில சொல்லுறது, சொன்னாலும் என்னை டொக்டருக்குப் படிப்பிக்க வந்திட்டா எண்டு பேசமாட்டாங்களா எண்டு யோசிப்பீங்க. அதுக்குத்தான் தாள். ஒரே ஒரு தாள், ரெண்டு பக்கம். மேல அவர்ட பேர், வயசு, அடிபட்ட மட்டம் டி-4, நாள், செய்த ஒப்பரேஷன். அவர் நல்லா இருக்கிற நாளில, இருத்தி ஒருக்கா படுக்கவச்சு ஒருக்கா, ஒரு கிழமைக்குப் பிரஷர் எடுத்து அந்த நம்பரை சிவப்பு மையில போடுங்க, பிரஷர் மெஷின் இல்லாட்டி கிளினிக்கில எடுத்து எழுதச் சொல்லுங்க. எந்த சைஸ் கதீற்றர், கடைசியா எப்ப மாத்தினது. குடிக்கிற மருந்து, ஒத்துவராத மருந்து. பிறகு டிஸ்ரிஃப்ளெக்சியா எண்டு பெரிசா எழுதி மேல நான் சொன்ன ஒழுங்கை வசனமா எழுதுங்க. அதை ராகமை கிளினிக்குக்கு அடுத்த தரம் போகேக்க அங்க இருக்கிற டொக்டரிட்டக் காட்டி ஒரு கையெழுத்தும் சீலும் வாங்குங்க. சீல் இருக்கிற தாளை யாரும் தள்ளிவைக்க மாட்டாங்க. மூண்டு கொப்பி எடுங்க, ஒண்டு வீல் செயார்ப் பையில, ஒண்டு கட்டில் தலைமாட்டில, ஒண்டு பக்கத்து ஆஸ்பத்திரி ஓபிடியில அவர்ட கிளினிக் புத்தகத்தோட.

அடுத்தது புண். மூண்டு மாசம் ஆறாத புண்ணுக்கு எல்லாரும் மருந்தைத்தான் மாத்துவாங்க, ஒரு களிம்பு, பிறகு வேற களிம்பு, பிறகு பௌடர். அந்தப் புண்ணுக்கு மருந்து ஒண்டுதான், அந்த இடத்தில பாரம் படக்கூடாது. இருந்தபடி எலும்பு தோலை நசுக்கிக்கொண்டு இருந்தா தங்கபஸ்பம் பூசினாலும் ஆறாது. அதால கொஞ்சக் காலத்துக்கு இருக்கிறதைக் குறைச்சு, குப்புறவோ பக்கவாட்டிலயோ படுக்கவிடுங்க, 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்புங்க, முழங்காலுக்கு இடையில தலகாணி, குதி கட்டிலில முட்டாம கெண்டைக்காலுக்குக் கீழ ஒரு தலகாணி. வட்டமா காத்தடிச்ச ரப்பர் வளையம் ஏதும் வச்சிருந்தா எறிஞ்சுவிடுங்க, அது சுத்திவர ரத்த ஓட்டத்தை அமத்தி புண்ணை மோசமாக்கும், ஏனோ இன்னும் அதை ஆக்கள் வாங்கிக் குடுக்கிறாங்க. கழுவுறதுக்கு ஒரு லீற்றர் தண்ணியை நல்லாக் கொதிக்கவச்சு ரெண்டு மட்டத் தேக்கரண்டி உப்புப் போட்டு ஆறவச்சாப் போதும், ஸ்பிரிட்டோ ஹைட்ரஜன் பெரொக்சைட்டோ வேணாம், அது புதுசா வாற சதையையும் சாகடிக்கும். சாப்பாட்டில புரதம் வேணும், முட்டை, பருப்பு, கடலை, மீன். உங்கட பக்கத்தில சூடையும் கீரியும் மலிவா வாற நாளில ரெண்டு துண்டு கூட வையுங்க, சோறு கொஞ்சம் குறைஞ்சாலும் பறவாயில்ல. ஒவ்வொரு கிழமையும் ஒரே நாளில, பக்கத்தில ஒரு ஸ்கேல் வச்சு போனில போட்டோ எடுங்க, ரெண்டு வாரத்தில சின்னதாகல்ல எண்டா காட்டவேணும். குச்சி விட்டமாதிரி உள்ளுக்கு ஓட்டை போகுது, எலும்பு தட்டுப்படுது, நாத்தம், காய்ச்சல் எண்டா ஒருநாளும் பொறுக்கக்கூடாது, எலும்புக்குள்ள கிருமி போனா அதை ஊர் ஆஸ்பத்திரியில மருந்து கட்டி மாத்தேலாது.

ஆறின பிறகு கதிரையில இருக்கேக்க 15 நிமிசத்துக்கோ அரை மணித்தியாலத்துக்கோ ஒருக்கா பாரத்தை எடுக்கவேணும். கையை ஊண்டி எம்பி எம்பி உடன இருக்கிறதைத்தான் கன பேர் செய்யிறது, அந்த அஞ்சு செக்கனில ரத்தம் திரும்பி வராது, தோளும் தேஞ்சுபோகும், அந்தத் தோள்தான் இனி அவருக்குக் கால். அதுக்குப் பதிலா முன்னுக்குக் குனிஞ்சு நெஞ்சை முழங்காலில சாச்சபடி ரெண்டு நிமிசம் இருக்கட்டும். பக்கத்தில ஆள் நிக்கவேணும் முதல்ல. மகளிட்ட "அப்பா குனியிற நேரம்" எண்டு ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக்குடுத்தாலும் நல்லது, பாட்டு முடியுமட்டும் அவர் நிமிரக்கூடாது.

யூரின். இதில நான் கொஞ்சம் கோவமாத்தான் எழுதப்போறன், உங்களில இல்ல. கதீற்றர் போட்ட ஆள்ட யூரினில கிருமி இல்லாமலே இருக்காது, எப்ப ரெஸ்ட் பண்ணினாலும் ரிப்போட்டில கிருமி இருக்கு எண்டுதான் வரும். கலங்கியிருக்கு, மணக்குது எண்டதுக்காக மட்டும் அன்ரிபயோட்டிக் குடிக்கக்கூடாது. குடிச்சா கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போகும், பிறகு உண்மையா காய்ச்சல் வாற நாளில குளிசை கேக்காது. காய்ச்சல், நடுக்கம், காலில வழமையைவிட இழுப்புக் கூடுறது, காரணமில்லாத சோர்வு, அந்தத் தலையிடி வேர்வை, இதில ஏதாவது இருந்தாத்தான் மருந்து. அப்பயும் பழைய கதீற்றரைக் கழட்டிப் புதுசு போட்டு, அந்தப் புதுக் கதீற்றரில இருந்து வாற யூரினைக் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி எண்டு பாக்க, எடுத்த பிறகு மருந்தைத் தொடங்கவேணும், பேக்கில இருந்து எடுத்துக் குடுத்தா பேக்கில வளர்ந்த கிருமியைத்தான் லாப் சொல்லும். இதைக் கேட்டு வாங்குறது உங்கட உரிமை தங்கச்சி, மரியாதையா ஆனா விடாம கேளுங்க. சாதாரண ரப்பர் கதீற்றரை ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒருக்கா மாத்தவேணும், முழுச் சிலிக்கோன் எண்டா 12 கிழமை வரைக்கும் வைக்கலாம், அடிக்கடி அடைச்சா அதுக்கு முதலே. பேக் எப்பவும் சலப்பையைவிடத் தாழ்வா, ஆனா நிலத்தில முட்டாம.

இன்னொண்டு, அவர்ட கை ரெண்டும் நல்லா இருக்கு. கை நல்லா இருக்கிறவர் ரெண்டு வருசமா ஏன் நிரந்தரக் கதீற்றரோட இருக்கிறார்? 1972 இல அமெரிக்காவில லாபிடெஸ் எண்ட யூரோலொஜி டொக்டர் ஒருத்தர், கிருமி இல்லாத தியேட்டர் மாதிரி இடம் தேவையில்ல, சுத்தமாக் கை கழுவி 4 மணித்தியாலத்துக்கோ 6 மணித்தியாலத்துக்கோ ஒருக்கா தானே குழாய் விட்டுச் சலத்தை எடுத்திட்டுக் கழட்டிவிடலாம் எண்டு எழுதினார், அதுக்குப் பிறகு உலகம் முழுக்க அதுதான் முதல் வழி. ஒவ்வொரு தரமும் வாறது 500 மில்லி லீற்றரைத் தாண்டக்கூடாது, தாண்டினா இன்னும் அடிக்கடி எடுக்கவேணும். கிருமித் தொல்லை குறையும், சலப்பைக் கல்லு குறையும், பேக் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்ல. எல்லாருக்கும் சரிவராது, சலப்பைக்குள்ள அமுக்கம் எவ்வளவு எண்டு யூரோலொஜி டொக்டர் பாத்துத்தான் சொல்லவேணும், அதால திருகோணமலை பெரியாஸ்பத்திரியில யூரோலொஜிக்கு ஒரு கடிதம் தரச் சொல்லிக் கேளுங்க. நெடுகக் கதீற்றரோட இருக்கிறதெண்டாலும், இல்லாட்டி இப்பிடி எடுக்கிறதெண்டாலும், வருசத்துக்கு ஒருக்கா சிறுநீரக ஸ்கான் கட்டாயம். ரத்தத்தில பாக்கிற கிரியற்றினினை மட்டும் நம்பேலாது, காலில சதை வத்தினவருக்கு அந்த நம்பர் நல்ல நம்பராவே காட்டும், உள்ளுக்குச் சிறுநீரகம் வீங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவையும் பாத்தா ஒரு விசயம் உங்களுக்கே விளங்கும். இதில எது பெரிய ஆஸ்பத்திரி வேலை? திருப்பிப் படுக்கவைக்கிறது, கதீற்றர் மாத்திறது, காயம் கழுவுறது, பிரஷர் நம்பர் ஞாபகம் வச்சிருக்கிறது. ரெண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தி முள்ளந்தண்டு உடைஞ்ச ஆக்களில முக்கால்வாசிக்கு மேல கொஞ்சக் காலத்திலயே செத்துப்போவாங்க, புண்ணாலயும் சிறுநீரகத்தில கிருமியாலயும். 1944 இல இங்கிலாந்தில ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில குட்மன் எண்ட டொக்டர் பொறுப்பெடுத்து, ராப்பகலா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளைத் திருப்ப வச்சார், தானும் சாமத்தில எழும்பி வந்து பாப்பாராம். பெரிய மெஷின் ஒண்டும் அவரிட்ட இருக்கல்ல. பராலிம்பிக் விளையாட்டே அந்த வார்ட்டில இருந்துதான் வந்தது. ராகமை அவருக்கு எழும்பி இருக்கவும் கதிரைக்கு மாறவும் பழக்கித் தந்தது. இனி வாற முப்பது நாப்பது வருசத்துக்கு அவரை வச்சிருக்கப்போறது உங்கட ஊர் ஆஸ்பத்திரிதான், அதுக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு அவரைத் தெரிஞ்சிருக்கவேணும். இப்ப தெரியாது. அவசரத்துக்கு வந்து போற ஒரு ஆள் எண்டு மட்டும்தான் தெரியும்.

உங்கட வீட்டுக்கு மிட்வைப் மிஸ் வாறவதானே, மகளுக்கு நிறை பாக்க? இந்த நாட்டில 1926 இல களுத்துறையில முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கின நாளில இருந்து தாயையும் பிள்ளையையும் வீடு தேடி வந்து பாக்கிற ஒரு ஒழுங்கு வளர்ந்து வந்திருக்கு, அதாலதான் எங்கட நாட்டில பிரசவத்தில சாகிற தாய்மார் இவ்வளவு குறைஞ்சது. அதே மிட்வைப் உங்கட முத்தத்தில தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளையை நிறுத்திட்டு கார்ட்டில எழுதிட்டுப் போவா, உள் அறையில புண்ணோட படுத்திருக்கிறவரைப் பாக்கிறது அவட வேலைப் பட்டியலில இல்ல. அவவில பிழை இல்ல, அவக்கு ஏற்கனவே தலைக்கு மேல வேலை. ஆனா வீடு தேடிப்போகத் தெரிஞ்ச ஒரு நாட்டுக்கு இன்னொரு அறைக்குள்ள எட்டிப் பாக்கிறது பெரிய காரியமில்ல எண்டு நான் எல்லா மீற்றிங்கிலயும் சொல்லிக்கொண்டுதான் வாறன், இன்னும் சொல்லுவன். நீங்க அவவிட்ட ஒண்டு மட்டும் கேளுங்க, எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில இருக்கிற பொதுச் சுகாதார நேர்சுக்கு இப்பிடி ஒருத்தர் வீட்டில இருக்கிறார் எண்டு சொல்லிவிடச் சொல்லி. சில ஆரம்ப வைத்தியப் பிரிவுகளில இப்ப அந்த நேர்ஸ்மார் வீட்டுக்குப் போய் காயம் கட்டுறாங்க.

ஆஸ்பத்திரிக்குப் போறதை அவசரம் இல்லாத ஒரு நாளில வச்சுக்கொள்ளுங்க. பின்னேரம், ஓபிடி சனம் குறைஞ்ச நேரம். பொறுப்பு டொக்டரைச் சந்திச்சு, தாளைக் குடுத்து, மூண்டு விசயம் கேளுங்க. இவருக்கெண்டு மாசாமாசம் ஒரு கிளினிக் நாள், கதீற்றரை இஞ்சயே மாத்திறது, அதுக்குப் பழகின ஒரு நேர்ஸ். கதீற்றர் சைஸைச் சொல்லி ரெண்டு ஸ்டோரில வச்சிருக்கச் சொல்லுங்க. அந்த டொக்டர் ராகமைக்கோ பெரியாஸ்பத்திரிக்கோ போனில கதைச்சு ஆலோசனை கேக்கலாம், போட்டோ அனுப்பலாம், அதுக்கு ஆளைத் தூக்கிக்கொண்டு 250 கிலோமீற்றருக்கு மேல வேனில போக வேண்டியதில்ல, அந்தப் பயணமே புண்ணுக்குக் கேடு. உங்கட ஆளுக்கு 36 எண்டதால முப்பத்தஞ்சுக்கு மேல்பட்ட ஆக்களுக்குச் செய்யிற சுகர், கொலஸ்ட்ரோல் பரிசோதனைக்கும் அவர் சேர்த்தி. முள்ளந்தண்டுக்காரருக்கு சுகரும் இருதய வருத்தமும் வாற வாய்ப்புக் கூட, ஆனா அவங்களை அந்த கிளினிக்குக்கு யாரும் கூப்பிடுறதில்ல, நடந்து வாறவங்களைத்தான் கூப்பிடுறது. வாசலில படி இருந்தா அதையும் எழுத்தில குடுங்க. 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2006 இல வந்த அணுகும் வசதி விதிகளும் பொதுக் கட்டடத்துக்குச் சாய்தளம் கட்டாயம் எண்டு சொல்லுது. சாய்தளம் எண்டா ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம், மோட்டார்சைக்கிள் ஏத்துற பலகை மாதிரி செங்குத்தா வச்சா அது வீல் செயாருக்கு இல்ல. இதைப் பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரிட்டயும் ஜிஎஸ்ஸிட்டயும் (கிராம சேவகர்) சொல்லுங்க, மாதாந்த உதவிப் பணமும் கதிரையும் அந்த வழியாத்தான்.

உங்கட பக்கத்தில அவர் மட்டும் இல்ல எண்டதை நான் உறுதியா சொல்லுவன். யுத்தத்தில அடிபட்டவங்க, மரத்தால விழுந்தவங்க, மோட்டார்சைக்கிளில அடிபட்டவங்க, வெருகலில இருந்து புல்மோட்டை வரைக்கும் வீட்டுக்குள்ள இருக்காங்க. ரெண்டு மூண்டு பேரைக் கண்டுபிடிச்சு ஒரே நாளில கிளினிக்குக்கு வந்தா டொக்டருக்கும் அது ஒரு கிளினிக் ஆகிடும், ஓட்டோக் காசும் பங்கு. மாங்குளத்தில உயிரிழை எண்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவங்களே சேர்ந்து நடத்துற அமைப்பு ஒண்டு இருக்கு, பத்துப் பதினஞ்சு வருசமாக் கதிரையில வாழ்ந்து பழகினவங்களோட உங்கட கணவர் அரை மணித்தியாலம் போனில கதைச்சா, நான் அரை நாள் கதைக்கிறதைவிட அவருக்கு உதவும்.

சின்ன விசயங்கள் ரெண்டு மூண்டு. கால் இழுப்புக்கு பக்லோஃபென் குளிசை குடிக்கிறார் எண்டா அதை ஒருநாளும் திடீரெண்டு நிப்பாட்டக்கூடாது, வலிப்பு வரலாம். 2022 இல மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் எல்லாரும் தவிச்சது ஞாபகம் இருக்கும், ரெண்டு கிழமைக்குரியதை எப்பவும் கையிருப்பில வையுங்க. மலத்துக்கு ஒரு நேரம் குறிச்சு, விடியச் சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள்ள, ஒவ்வொரு நாளும் இல்லாட்டி ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரத்தில இருத்தினாக் குடல் பழகும். டி-4க்குக் கீழ அவருக்கு வேர்க்காது, கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில தகரக் கூரைக்குக் கீழ அவர் பகல் முழுக்க இருந்தா உடம்பு சூடேறிப்போகும், ஈரத்துணியும் மரநிழலும் வேணும். சூடான சட்டியை மடியில வைக்க விடாதீங்க. ராத்திரியில நீங்க மட்டும் எழும்பித் திருப்புறதெண்டா உங்கட முதுகு ஒரு வருசம்தான் தாங்கும், அவர்ட தம்பியோ உங்கட அண்ணாவோ கிழமைக்கு ரெண்டு இரவாவது வரட்டும், இதை நான் டொக்டரா எழுதித் தாறன் எண்டு காட்டுங்க.

வெக்கப்பட்டுக் கேட்ட கேள்விக்கு வெக்கமில்லாமப் பதில் சொல்லுறன். ஆசைப்படலாம். முள்ளந்தண்டு அடிபட்ட ஆம்பிளைகள் கன பேர் பிறகு பிள்ளை பெத்திருக்காங்க, சிலருக்குத் தானாவே நடக்கும், சிலருக்கு வைத்திய உதவி தேவை, அதுக்கு வழிகள் இருக்கு. ராகமை கிளினிக்கில ரெண்டு பேரும் ஒண்டாப் போய்க் கேளுங்க. ரெண்டு எச்சரிக்கை மட்டும். அந்த நேரத்திலயும் அதே தலையிடி வேர்வை வரலாம், வந்தா நிப்பாட்டி இருத்துங்க. வயாகரா மாதிரிக் குளிசை ஏதும் குடிச்சிருந்தா, அந்த நாளில ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தா கட்டாயம் சொல்லவேணும், அதோட நைட்ரேற் மருந்து சேர்ந்தாப் பிரஷர் அப்பிடியே விழுந்திடும். தாளில இதுக்கும் ஒரு வரி விடுங்க.

இனி நேசரி. ஏலும். ஆனா இந்த மாசம் இல்ல, புண் மூடி, புதுத்தோல் வந்து, இருக்கிற நேரத்தை 15 நிமிசத்தில தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி, ஒவ்வொரு தரமும் படுக்கவச்சு அந்த இடம் சிவந்திருக்கா, சிவப்பு அரை மணித்தியாலத்தில போகுதா எண்டு பாத்துப் பாத்து, ஒரு மணித்தியாலம் வந்த பிறகு. அண்டைக்கு விடியக் கதீற்றர் பேக்கைக் காலியாக்கிக் காலில கட்டுங்க, குழாய் மடியாமப் பாருங்க, தண்ணிப்போத்தலும் துவாயும் எடுங்க, தாள் பையில இருக்கட்டும். நேசரி வாசலில எத்தினை படி எண்டு முதல்நாளே போய்ப் பாத்திட்டு ரீச்சரிட்டச் சொல்லிவிடுங்க. திரும்பி வந்ததும் படுக்கவச்சு அந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, புண்ணிட இண்டைய போட்டோவையும் அதுக்கு முதல், இந்தக் கிழமைக்குள்ள.